மகள் ஊற்றிய ஆயில்

தூக்கி நிறுத்திய காரின் அடியில் மெக்கானிக்கும் பெரியவரும் நிற்கிறார்கள். காலை வெயில் ஷட்டர் வரை வந்திருக்கிறது. மெக்கானிக் தார் போல் கறுத்த ஆயிலை விரலில் தேய்த்துப் பார்க்கிறார். “பத்தாயிரம் கிலோமீட்டர்ல மாத்தணும் சார். பதினெட்டாயிரம் ஓடியிருக்கு. நல்ல ஃபில்டர், அதான் இவ்வளவு தாங்கியிருக்கு.”

“என் பொண்ணு தேடித் தேடி வாங்கினது. ஆயிலும் அவளே ஊத்தினா. மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல.” பெரியவர் காரின் அடிப்பாகத்தையே பார்க்கிறார். “ஃபில்டரை மட்டும் மாத்தி, இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட முடியாதா?”

“மிஞ்சிப்போனா ஆயிரம் கிலோமீட்டர். அப்புறம் இன்ஜின் போயிடும் சார்.”

“ஓட்டாம நிறுத்தி வச்சா?”

“நின்னாலும் ஆயில் கெட்டுடும்.”

காற்றடிக்கும் மோட்டார் இரைந்து அடங்குகிறது. மகள் இல்லாத வீட்டில் உட்கார முடியாமல்தான் அவர் இத்தனை மாதமாக இந்தக் காரில் சுற்றிக்கொண்டிருக்கிறார். சுற்றச் சுற்ற அவள் ஊற்றியதுதான் தீர்ந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

“கழட்டுங்க” என்கிறார்.

மெக்கானிக் இன்ஜின் அடியிலிருக்கும் போல்ட்டைக் கழற்றுகிறார். ஆயில் கீழே வைத்த தட்டில் கனமாக விழுகிறது, நூலாக மெலிகிறது, சொட்டுகளாகிறது. வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் இந்நேரம் போல்ட்டை மாட்டியிருப்பார். இன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு சொட்டு விழுகிறது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பெரியவர் அடுத்ததற்காகக் காத்திருக்கிறார்.