மகேசனின் கையெழுத்து

அருட்செல்வம் சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்து, இன்னொரு பெயரில் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் விளம்பரத் தாள் முழுக்க 'க. மகேசன்', 'க. மகேசன்' என்று நெளிந்து கிடந்தது.

தேத்தண்ணியோடு வந்த மனைவி சிவநாயகி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, கள்ளக் கையெழுத்தே வைக்கிறியள்?"

"என்ர சொந்தக் கையெழுத்தப்பா இது. கை மறந்துபோச்சு."

அதில் பொய்யில்லை. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் மகேசன்தான். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓட வழியில்லாமல் நின்றவருக்குத் தன் பாஸ்போட்டைத் தூக்கிக் கொடுத்தவர் பெரியப்பாவின் மகன், உண்மையான அருட்செல்வம். இருவருக்கும் முகம் ஒரே அச்சு. விமான நிலையத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டு பெயரோடு பிடிபட்டால் வில்லங்கம் என்று தன் அடையாள அட்டையை அந்த அண்ணையிடமே கொடுத்துவிட்டு ஏறிய மனிதர், ஒஸ்லோவில் இறங்கிய நாள் முதல் அருட்செல்வம் ஆகிவிட்டார். பஸ் ஓட்டும் சட்டையில் அருட்செல்வம், வீட்டுக் கதவில் அருட்செல்வம், பெற்ற பிள்ளைகளின் பெயருக்குப் பின்னாலும் அருட்செல்வம். தொடக்கத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று பேசாமல் இருப்பார். பிறகு பாவம், மகேசன் என்று கேட்டாலும் திரும்ப மறந்துபோனார்.

அந்தப் பெயர் உலகத்தில் மிச்சமிருந்தது ஒரேயொரு இடத்தில்தான். அப்பர் எழுதி வைத்துவிட்டுப் போன வெங்காயத் தோட்டத்தின் உறுதிப் பத்திரத்தில்.

அந்தக் காணியைத்தான் அண்ணை இப்போது கேட்கிறார். மகள் யதுர்ஷாவுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது, மாப்பிள்ளை பகுதி சீதனமாகக் காணி கேட்கிறது, வேறு ஆட்களுக்குக் கொடுக்காமல் தனக்கே விற்கச் சொல்லி மாதக் கணக்காக நச்சரிப்பு.

"யோசிச்சுச் செய்யுங்கோ," என்றாள் சிவநாயகி. "சண்டை நிண்டு பாதை திறந்தாப் பிறகு அங்கை காணி விலை எங்கயோ போட்டுது. அவர் கேக்கிற விலை அரைவாசிக்கும் காணாது."

"தன்ர பேரையே தூக்கித் தந்த மனுசன். அவருக்கு ஒரு தோட்டத்தைக் குடுக்க நான் கணக்குப் பாக்கிறதே?"

வாய்தான் அப்படிச் சொன்னது. விற்க அவருக்குத் துளியும் மனமில்லை. ஆனாலும் ஒரு ஆசை இருந்தது. கோடை லீவுக்கு ஊருக்குப் போய், உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்து, ஒரே ஒரு தரமாவது சொந்தப் பெயரை எழுத வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் தாளை இப்படிக் கிறுக்கித் தள்ளியிருந்தார்.

டெலிபோன் கார்டைச் சுரண்டி, இலக்கங்களை அமத்தினார்.

"அண்ணை, நீங்கள் கேட்ட விலைக்கே தாறன். ஒண்டும் கதைக்க வேண்டாம். ஆனால் நானே வந்துதான் கையெழுத்து வைப்பன். உங்களிட்டைத் தந்த என்ர அடையாள அட்டையை எடுத்து வையுங்கோ."



"நீ வரத் தேவையில்லைத் தம்பி. போன கிழமையே உறுதி எழுதியாச்சு. காணி இப்ப யதுர்ஷான்ர பேரிலை."

அவருக்கு விளங்கவில்லை. "நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லையே."

"மகேசன் வைச்சிட்டான்."

"மகேசன் நானல்லோ, அண்ணை."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. நம்பிக் கொடுத்த அட்டை. ஒரே அச்சு முகம். சிவநாயகி "என்னவாம்?" என்று கேட்டது காதில் விழவில்லை.

"இது துரோகமெல்லோ, அண்ணை. தாறன் எண்டு சொல்லத்தானே எடுத்தனான்." என்றார். "அந்த உறுதியிலை மட்டும்தான் என்ர பேர் இருந்தது."

அண்ணை பதறவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகத்தான் சொன்னார்.

"என்ர பேரை நீ கொண்டு போயிட்டாய், தம்பி. உன்ர பேர் இஞ்சை சும்மாதானே கிடந்தது."