நிழல் என்று சொன்ன ஆள்காட்டி

விலங்குகளின் பொதுத் தானியக் கிடங்குக்கு ஓர் ஆள்காட்டிக் குருவிதான் காவல். ஒருநாள் கிடங்குப் பொறுப்பாளர் குரங்காரின் மைத்துனரே சோளக்கதிர்களை அள்ளிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்து, அது கத்திக் கூப்பாடு போட்டுக் காட்டையே கூட்டிவிட்டது. மறுநாள் அதற்கு வேலை போயிற்று.

வீட்டில் குஞ்சுகள் பசியில் கத்தின. குருவி முயலிடம் வேலை கேட்டது. "நல்லாத்தான் காவல் காப்பே. அப்புறம் ஏன் உன்னை நிறுத்தினாங்க?" என்று கேட்டுவிட்டு முயல் வளைக்குள் போய்விட்டது. பொது அத்தித்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் கரடியோ, "குரங்கார் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லட்டும், சேர்த்துக்கிறேன்" என்றது.

வேறு வழியில்லாமல் குருவி குரங்காரிடமே போய் நின்றது.

"சொல்றேனே, அதுக்கென்ன!" என்றார் அவர், முதுகைச் சொறிந்தபடி. "அன்னைக்கு நீ பார்த்தது வெறும் நிழல்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடு, போதும்."

குருவி அதற்கு ஒப்பாமல் திரும்பியது. சிலநாள் பொறுத்துப் பார்த்தது. கடைக்குட்டிக் குஞ்சு தலைதூக்க முடியாமல் கிடந்த அன்று, எல்லோரும் தண்ணீர் குடிக்கக் கூடிய ஆற்றங்கரைக்குப் போய், "நிழல்தாங்க. என் கண்ணுதான் சரியில்லை" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாளே கரடி கூப்பிட்டது.

"குரங்கார் உன்னை ரொம்ப உசத்தியாச் சொன்னாரு. கண்ணு முன்னாடி எது நடந்தாலும் வாயைத் திறக்க மாட்டியாமே? இந்தத் தோப்புக்கு அப்படி ஓர் ஆள்தான் வேணும்."

குருவி தோப்பு வாசலில் காவலுக்கு நின்றது. பொழுது சாய்வதற்குள் கரடியின் தம்பி கூடை நிறைய அத்திப்பழத்தோடு அதைத் தாண்டிப் போனது. போகிற போக்கில் அழுகிய பழம் ஒன்றைக் குருவியின் காலடியில் போட்டது.

குருவி அதைக் கவ்விக்கொண்டு குஞ்சுகளிடம் ஓடியது.