படையலில் ஒரு பீச் பழம்

தம்பி மகன் கியூவனின் திதிக்காகப் பூசானிலிருந்து வந்திருந்த அத்தை மல்சுனுக்கு, படையலில் பீச் பழத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"யோன்ஜூ! படையல்ல யாராவது பீச் வைப்பாங்களா? அதைக் கண்டா ஆவி வாசல்லயே திரும்பிப் போயிடும். புற்றுநோய்ல போன பிள்ளை வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வர்றான். அவனுக்காக நான் வாசக் கதவைத் திறந்து வச்சிட்டு வந்தா, நீ விரட்டப் பாக்கிறியா?"

மல்சுன் பழத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். தம்பி மனைவி யோன்ஜூ அதை மறுபடியும் தட்டிலேயே வைத்தாள்.

"தெரிஞ்சேதான் வச்சேன், அண்ணி."

"பெத்தவளாடி நீ?" மல்சுனின் கோபம் மூலையில் நின்ற யோன்ஜூவின் மகள் நாரேயின் மேல் திரும்பியது. "நீ என்னடி, அண்ணன் படத்துக்கு முன்னால தொப்பியோட நிக்கிறே? கழட்டு!"

நாரே அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கழற்றினாள். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"அதே நோய்தான், அண்ணி. போன மாசம்தான் தெரிஞ்சுது," என்றாள் யோன்ஜூ. "'தங்கச்சிக்கு வராதுல்லம்மா?'ன்னு கேட்டுக்கிட்டேதான் அவன் கண்ணை மூடினான். வராதுடான்னு சத்தியம் பண்ணி அனுப்பினேன்."

மல்சுன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.