தேதிக் கட்டம்

அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர்.

கல்லூரி உதவித்தொகை மறுபரிசீலனைக்கு இன்றுதான் கடைசி நாள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை அவள் நாலாவது தடவையாகப் படித்தாள். படிவம் முழுவதும் ஒரே கையெழுத்தில் இருக்க வேண்டும். மாறினால் நிராகரிக்கப்படும்.



அவள் படிவத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது.

போன வருடம் வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் உதவித்தொகை போட்டார்கள். இப்போது அந்த வருமானமே இல்லை. தொகையை உயர்த்தினால் படிப்பு உண்டு. இல்லையென்றால் இந்த வருடத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

'சிறப்புச் சூழ்நிலை' என்ற இடத்தில் நான்கு வரிகள். சம்பாதித்து வந்த தந்தை காலமாகிவிட்டார் என்று முதல் வரி. எங்கும் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதியவர் முப்பது வருடம் மனு எழுதிப் பிழைத்தவர். அவர் கைபட்ட படிவம் எந்த ஜன்னலிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. கடைசி வரி மட்டும், படுத்துக்கொண்டு எழுதியதுபோல், மேலே ஏறிப் போயிருந்தது.

இறந்த தேதிக்கான கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார்.

நேற்று அவள்தான் அதை நிரப்பினாள். அவர் எண்களைப் போடும் விதத்தைப் பழைய நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகிவிட்டுத்தான் தொட்டாள். அப்படியும் அவள் போட்ட 7 மட்டும் காலை இழுத்துக்கொண்டு நின்றது. வேறு படிவம் வாங்கவும் வழியில்லை. ஆளுக்கு ஒன்றுதான், எண் போட்டுத் தருவார்கள்.

"என்னம்மா, காகிதத்துக்குக் குளிர் ஜுரமா? இந்த ஆட்டம் ஆடுது!" என்றார் பின்னால் நின்றவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னலுக்குள் இருந்த அம்மாள், முந்தின படிவத்தின் வலது மூலையில் 'டப்'பென்று 'ஏற்கப்பட்டது' முத்திரை குத்தித் தள்ளிவிட்டு அவளுடையதை வாங்கினார். இறப்புச் சான்றிதழைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். விரல் வரி வரியாக இறங்கி, தேதிக் கட்டத்தில் நின்றது.

"எல்லாம் ஒரு கை, தேதி மட்டும் வேற கையா இருக்கே. யாரு எழுதினது?"

எல்லாம் நான்தான் என்று சொல்வதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"தேதி நான் போட்டது மேடம். மத்ததெல்லாம் அப்பா எழுதினது. தேதி மட்டும் அவருக்குத் தெரியல."

அம்மாளின் விரல் மெல்ல மேலேறி முதல் வரிக்குப் போனது. அங்கேயே நின்றது.

பிறகு முத்திரையை எடுத்தார். மூலையில் குத்தவில்லை. தேதிக் கட்டத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார்.