பொன்னி விலாஸ் அடை

"தோசை இல்லைங்க, அடை! பொன்னி விலாஸ்ல சாயங்காலம் ஆனா அடைதான். கூடவே வெல்லமும் வெண்ணெயும் வைப்பாங்க. சாப்பிடாதவங்கல்லாம் இங்க பேசக்கூடாது!"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ரெங்கம்மாள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சொன்னதும் மண்டபமே கைதட்டியது. தோசை என்று சொன்னவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் வரிசையில் மாலையும் கழுத்துமாக இருந்த நாகநாதனுக்கு வியர்த்துக்கொட்டியது. இத்தனைக்கும் மின்விசிறி அவர் தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாம் அவர் எழுதிய ஒரு பதிவால் வந்தது. குத்தாலத்தில் பிறந்து, வேலைக்காக எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டவர் அவர். 'நம்ம தஞ்சாவூர் நினைவுகள்' என்ற முகநூல் குழுவில் சேர்ந்து தினமும் எதையாவது எழுதிப் பார்த்தார். சொந்த மருமகனைத் தவிர ஒருவரும் சீண்டவில்லை.

ஒருநாள், கீழவீதிக் கோடியில் இருந்த பொன்னி விலாஸ் ஓட்டலைப் பற்றி எழுதினார். குறுவை நெல் விற்ற கையோடு அப்பா தன்னை பஸ்ஸில் அழைத்துவந்தது, பளிங்கு மேசை, நெற்றி நிறையத் திருநீறோடு கல்லாவில் சிரிக்கும் முதலாளி சாம்பசிவம், 'தம்பிக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துப்பா' என்ற அவருடைய குரல். எல்லாம் போய், இன்று அந்த இடத்தில் ஒரு செல்போன் கடை.

பொழுது விடிவதற்குள் ஊரே அழுது தீர்த்துவிட்டது. ஒருவருக்குக் கல்யாணப் பேச்சே அங்கேதான் முடிந்ததாம். இன்னொருவர் அந்தக் காபிக்காகவே பாபநாசத்திலிருந்து ரயிலேறி வருவாராம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது கிளிக்கூண்டா, மீன்தொட்டியா என்று சண்டை போட்ட இரண்டு நண்பர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

கோபமெல்லாம் செல்போன் கடை செந்தில்குமார் மேல் திரும்பியது. 'சோறு போட்ட இடத்தில் சார்ஜர் விற்கிறான்' என்று கடையைப் படம் எடுத்துப் போட்டார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. அவன் நாகநாதன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"சார், நீங்கதான் பெரிய மனசு பண்ணணும். எங்கப்பா வாங்குறப்ப அங்க உரக்கடைதான் சார் இருந்துச்சு. ஓட்டலை நாங்க இடிக்கலை!"

நாகநாதன் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, குழுவை நடத்தும் வானதிக்குப் போன் செய்தார்.

"அம்மா, இதைப் பெருசு பண்ணவேணாமே. எனக்கும் வயசாச்சு. இடம் அதுதானான்னுகூட..."

"சார், உங்க அடக்கம் யாருக்கு வரும்! அதனாலதான் உங்களுக்கு விழாவே எடுக்கப்போறோம்."

இதோ, விழா.

அடுத்து மேடையேறியது செந்தில்குமார். நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் கடைக்கு எல்லாரும் ஒருதடவை வாங்க. சாம்பசிவம் ஐயா கல்லா போட்டு உக்காந்த அதே எடத்துலதான் நானும் உக்காந்திருக்கேன். காலையில கதவைத் தொறந்தா இன்னமும் சாம்பார் வாசம் வருதுங்க! படம் எடுத்துக்கிறவங்க எடுத்துக்கலாம். கூட்டமா வந்தா போன் உறையில தள்ளுபடி உண்டு."

கைதட்டல் அடங்குவதற்குள் வானதி மைக்கைப் பிடித்தாள்.

"இப்ப ஒரு ஆச்சரியம்! பொன்னி விலாஸ் சாம்பசிவம் ஐயாவோட சொந்தப் பேரன் சூர்யபிரகாஷ், நம்ம பதிவைப் படிச்சிட்டு சென்னையிலேருந்து வந்திருக்கார்!"

நாகநாதன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மேடையேறி அரங்கத்தைப் பார்த்துக் கும்பிட்டான் அந்த இளைஞன்.

"அதே மூக்கு! சாம்பசிவம் அச்சு அசலா எந்திரிச்சு வந்தாப்ல இருக்கு!" என்று ரெங்கம்மாள் எழுந்தே நின்றுவிட்டார்.

"உயிர் போற நேரத்துலகூட எங்க தாத்தா, 'அந்தக் குத்தாலத்துப் பையன் சாப்பிட்டானா?'ன்னுதான் கேட்டாருங்க" என்றான் சூர்யபிரகாஷ். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. "அந்த ஆத்மா சாந்தியடையணும். அதே கைப்பக்குவத்துல, பைபாஸ்ல, ஏசி ஹாலோட பொன்னி விலாஸை மறுபடியும் தொறக்கப்போறேன்!"

ஆளாளுக்குச் சால்வை போர்த்த முண்டியடித்தார்கள். அந்தச் சந்தடியில் நாகநாதன் மாலையைக் கழற்றிவிட்டு, பின்கட்டில் கைகழுவும் இடத்துக்கு நழுவினார். முகத்தைக் கழுவி நிமிர்ந்தால், பின்னால் சூர்யபிரகாஷ்.

நாகநாதன் குழாயை மூடினார்.

"தம்பி... மேடையில வச்சுச் சொல்ல முடியல. உங்க தாத்தா விஷயமா நான் ஒண்ணு..."

"வேணாம் சார், நீங்க எதையும் சொல்லவேணாம்." அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவருடைய ஈரக்கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான். "அடுத்த பதிவுல எங்க பாட்டியையும் கொஞ்சம் எழுதிடுங்க. அவங்க பேர்ல ஊறுகாய் போடலாம்னு இருக்கேன். நல்ல பழைய பேரா நீங்களே ஒண்ணு வச்சிடுங்க சார்."

அப்படியொரு ஓட்டல் தஞ்சாவூரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நாகநாதன் அந்த நிமிடம்வரை நினைத்துக்கொண்டிருந்தார்.