பதினான்கு முறை செத்தவள்

சவப்பெட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே அம்மா படுத்திருந்தாள். உதட்டுச் சாயத்தை யாரோ கொஞ்சம் கூடுதலாகப் பூசிவிட்டிருந்தார்கள்.

மகள் குனிந்து பார்த்தாள்.

அழுகை வரவில்லை.

மணிலாவில் அவள் அழுவதைப் பார்க்காத வீடு கிடையாது. ஒன்பது வயதில் டிவியின் மதிய நிகழ்ச்சியில் பாட்டுப் போட்டி ஜெயித்தவள். பாட்டில் பேர் வாங்கி, பதினேழு வயதில் சினிமாவுக்குப் போனாள். பாட்டைவிட அழுகை நன்றாக ஓடியது. முதலில் இடது கண்ணில் ஒரு சொட்டு, அப்புறம்தான் வலது கண். கிளிசரின் கிடையாது. அதைப் பார்க்கவென்றே டிக்கெட் வாங்கினார்கள்.

இன்றும் அதற்குத்தான் வந்திருக்கிறார்கள். கூடத்தின் வாசலைத் தாண்டி வரிசை நின்றது. கையில் பூ இருந்ததோ இல்லையோ, போன் இருந்தது.

அம்மாவின் தங்கை மிலாக்ரோஸ் சித்தி, மடித்த கைக்குட்டையோடு பெட்டிக்குக் காவல் நின்றாள்.

"கண்ணாடி மேல கண்ணீர் விழுந்துடக் கூடாதும்மா. விழுந்தா உங்கம்மா உசுரு கிளம்ப முடியாம இங்கயே நின்னுடும்."

அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். சித்தி அவள் முகவாய்க்குக் கீழே கைக்குட்டையை ஏந்தினாள். ஏந்தியபடியே நின்றாள்.

அவளுடைய அழுகை, முதல் படத்து இயக்குநர் சொல்லிக்கொடுத்த வித்தை. உன் அம்மா செத்துட்டாங்கன்னு நினைச்சுக்கோ என்றார். நினைத்தாள். கொட்டியது.

அன்றிலிருந்து அதே நினைப்புதான். காதலன் கைவிட்டாலும் அம்மா செத்தாள். குழந்தை தொலைந்தாலும் அம்மா செத்தாள்.

பதினான்கு படம்.

அம்மாவுக்கு அது தெரியும். லைட்டுகளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் சோற்று டப்பாவோடு உட்கார்ந்திருப்பாள். 'கட்' என்று கேட்டதும் எழுந்து வந்து, மகளின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

"தொட்டுப் பாரு, சூடாத்தான் இருக்கேன். இன்னிக்கு எத்தனை தடவை கொன்ன? வா, சாப்பிடு."

பாவி, எல்லாவற்றையும் ஊருக்கே அழுது தீர்த்துவிட்டாள். பெற்றவளுக்கென்று ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தாள். "படத்துல மட்டும் எப்படி அழறா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா செத்துவிட்டாள். செத்துவிட்டாள்.

யாருக்கோ நடந்த சமாச்சாரம் மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தாள். ஷாட் முடிந்ததும் திரும்புகிற பழக்கத்தில் கழுத்து தானாகத் திரும்பியது.

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நாற்காலி காலியாக இருந்தது.

யாரும் எழுந்து வரவில்லை.

அவள் கையை நீட்டி, அம்மாவின் கன்னத்துக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

இடது முதலில், வலது அப்புறம் என்ற கணக்கெல்லாம் போயிற்று. சித்தி சுதாரிப்பதற்குள் ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்துவிட்டது.

சித்தி பதறிப்போய், துடைக்கக் கைக்குட்டையைக் கொண்டுபோனாள்.

அவள் சித்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.