ஆட்சேபணை உண்டா?

ரெய்னோவின் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த மனுஷனுக்கு நடுங்காமல் என்ன செய்யும் என்று வக்கீல் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்கப்பா," என்றான் மகன் ஆர்விட். "துப்பாக்கி வச்சுக்கலாம்னு இன்னிக்கு கோர்ட்டு உத்தரவு கைக்கு வந்துடும். நவம்பர் பதினஞ்சு விடியறப்ப நீங்களும் நானும் மானுக்காக ஒரே மறைப்புல ஒளிஞ்சு உட்கார்ந்திருப்போம். புது ரைஃபிளே வாங்கி வச்சுட்டேன்!"

மான் வேட்டை தொடங்கும் அந்த நாளில் அமெரிக்காவின் மிஷிகன் மாநில வடகோடியில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஊரே துப்பாக்கியோடு காட்டுக்குள் போக, ரெய்னோ மட்டும் வேட்டைக் குடிசையில் உட்கார்ந்து இறைச்சி அடைத்துச் சுடும் பேஸ்டி ரொட்டிக்கு உருளைக்கிழங்கு நறுக்குவார்.

ஆளைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் அவர். துப்பாக்கியைத் தொட்டாலே மறுபடி ஜெயில். செத்துப்போன மனைவியின் ரைஃபிளைக்கூட மச்சான் வீட்டில்தான் பூட்டி வைத்திருந்தார்கள். யாராவது வேட்டைக்குக் கூப்பிட்டால், "சட்டம் விடலையேப்பா" என்பார்.

அப்பாவை அப்படிப் பார்க்க ஆர்விட்டுக்குப் பொறுக்கவில்லை. பறிபோன உரிமையைக் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்ததும் வக்கீலைப் பிடித்து மனு எழுதிவிட்டான். கையெழுத்துப் போடும்போது அப்பா கண்கலங்கியதைப் பார்த்து அவனும் அழுதான்.

அப்போது கோர்ட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு, கைத்தடி ஊன்றியபடி ஒரு கிழவி உள்ளே வந்தாள்.

"போச்சு!" ஆர்விட்டின் முகம் வெளுத்தது. "செத்துப்போன டேலோட அம்மா இல்மா. நாலு மணி நேரத் தூரத்துல இருக்கறவ! இந்தக் கிழவிக்கு எவன்ப்பா சொன்னான்?"

ரெய்னோ டையைச் சரிசெய்துகொண்டார். கை நடுக்கம் நின்றிருந்தது.

நீதிபதி அவரைக் கேட்டார். "துப்பாக்கி எதுக்கு வேணும்?"

"மகன்கூட வேட்டைக்குப் போகத்தான் ஐயா." வக்கீல் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். "செத்துப்போன பையனோட தாயார் வந்திருக்காங்க. அவங்க வேணாம்னா, அரசுத் தரப்பும் வேணாம்னுதான் சொல்லும்."

இல்மா மெதுவாக எழுந்து நின்றாள். கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். ரெய்னோ கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அன்றைக்கும் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகத்தான் ஏதோ அசைந்தது. காலையிலேயே குடித்திருந்த ரெய்னோ, மான் தன் வெள்ளை வாலைத் தூக்குகிறது என்று நினைத்துச் சுட்டுவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், மூக்கைத் துடைக்க எடுத்த கைக்குட்டையோடு பத்தொன்பது வயது டேல் பனியில் கிடந்தான்.

"ரெய்னோ மாமா, குளிருது" என்றான் பையன். அவ்வளவுதான். இன்றைக்கும் சமையலறையில் ஒரு துணி அசைந்தால் போதும், ரெய்னோவுக்கு அந்தக் குரல் கேட்டுவிடும்.

"சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி. "ஆட்சேபணை உண்டா?"

ஆர்விட் அப்பாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். "கடவுளே, கடவுளே" என்று ரெய்னோவின் உதடுகள் முணுமுணுத்தன. இல்மா சொல்லப்போகும் ஒரு வார்த்தையில்தான் எல்லாமே இருந்தது.

இல்மா கைக்குட்டையை மடித்தபடி அவரையே பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா இருந்துச்சுங்க. இப்ப இல்ல. குடுத்துடுங்க."

நீதிபதி கையெழுத்துப் போட்டார். ஆர்விட் 'ஓ'வென்று கத்தாத குறைதான். அப்பாவைக் கட்டிக்கொண்டு, "முடிஞ்சுதுப்பா! உங்களைப் பிடிச்ச சனி விட்டுச்சு!" என்று சிரித்தான், அழுதான்.

ரெய்னோ அவன் கையை விலக்கிவிட்டு வெளியே ஓடினார். கைத்தடியோடு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தவளின் கோட்டுக் கையைப் பிடித்தார். அறுபது வயது மனுஷன், தேம்பித் தேம்பி அழுதார்.

"ஏம்மா... ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"அப்பா! வாங்க, போட்டோ எடுக்கணும்!" என்று உள்ளேயிருந்து ஆர்விட் கூப்பிட்டான்.

இல்மா அவர் கையைத் தன் கோட்டிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

"'என் கையில துப்பாக்கி குடுக்க விடாதீங்கம்மா, வந்து தடுத்துடுங்க'ன்னு நீ போன்ல அழுதே பாரு, அப்பவே எனக்கு உன்மேல இருந்த பயம் போயிருச்சுப்பா."